பாதிக்கு மேல்

பனங்குழிவிளை,
12 நவம்பர் 1931

அன்புள்ள தங்கை ஜெபகனிக்கு அக்காள் தேவகனி எழுதுவது.

கர்த்தர் என்னை இன்னும் நடமாட வைத்திருக்கிறார். மழை வருவதற்கு முன்பே முழங்காலில் வலி வந்துவிடுகிறது, வேறு குறை இல்லை. பேச்சிப்பாறைக் காய்ச்சல் உங்கள் குடியிருப்புப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கிறதா? கொயினா மாத்திரை கைவசம் இருக்கட்டும்.

உன் அத்தான் அடக்கத்துக்குப் பிறகு நாம் எழுதிக்கொள்ளவில்லை. அடக்கத்துக்கு நீ வரவும் இல்லை. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை.

இங்கே சபைக் காரியம் கெட்டுக் கிடக்கிறது. ஜனவரியில் காரியதரிசி தேர்தல் நடந்தது. உனக்குத் தெரிந்த பழைய வழக்கம்தான். முந்தின சனிக்கிழமை முன்பெஞ்சு வீட்டார் ஒரு வீட்டில் கூடி, யார் யார் நிற்பது என்று மூன்று பெயரை முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த மூவருக்கு மட்டும் கை தூக்கச் சொன்னார்கள். என் கொழுந்தன் மகன் ஜான்ரோஸுக்கு நாற்பத்தொரு கை. மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து எழுபத்தொன்பது. ஜான்ரோஸ் காரியதரிசி ஆகிவிட்டான். எழுபத்தொன்பது பேர் வேண்டாம் என்றவன் அந்த எழுபத்தொன்பது பேருக்கும் காரியதரிசி. கான்வென்ட்டில் சிஸ்டர்மார் எனக்குக் கணக்கு சொல்லித் தந்தது இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு அல்ல.

ஆகவே இரண்டு விதிகள் எழுதிப் போதகர் ஐயரிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று: யார் நிற்பது என்பதைச் சனிக்கிழமை வீடு தீர்மானிக்கக் கூடாது. திருவிருந்துப் பட்டியலில் உள்ள ஆணும் பெண்ணும், ஆலயத்தில் பெஞ்சில் இருக்கிறவர்களும் பின்னால் தரையில் பாயில் இருக்கிறவர்களும், அவரவர் விரும்பும் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு: பாதிக்கு மேல் வோட்டு வாங்காதவர் காரியதரிசி அல்ல. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முன்னால் நிற்கும் இரண்டு பேரை மட்டும் வைத்து மறுபடி வோட்டுப் போட வேண்டும்.

பதில் எழுது. சென்ற கடிதத்தில் உன் வரிகள் எல்லாம் கீழே இறங்கியிருந்தன. கோடு போட்டுக்கொண்டு எழுது.

உன் அக்காள்,
தேவகனி ஜேசுதாஸ்

*

பேச்சிப்பாறை,
30 நவம்பர் 1931

பிரியமுள்ள அக்காவுக்கு, ஜெபகனியின் ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை அஞ்சல்காரர் கொண்டுவந்து தந்தார். முழங்காலில் தடவத் தைலக் குழம்பு காய்ச்சி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். இங்கே சின்னவள் எலிசாவுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. இவருக்கு ரப்பர்த் தோட்டத்தில் மழையால் வேலை இல்லை. மகன் குமாரதாஸ் சுகம்.

நீங்கள் எழுதிய இரண்டு விதியும் நல்ல விதிதான். அத்தான் இருபத்தொரு வருஷம் காரியதரிசியாக இருந்ததும் அந்தச் சனிக்கிழமை வீட்டால்தானே என்று இவர் கேட்டார். உங்களிடம் கேட்டு எழுதுவதாகச் சொன்னேன்.

கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே தெற்கு மூலையில் முந்திரி காய்க்கிற ஒரு கொல்லாமரம் நிற்குமே, அது இன்னும் நிற்கிறதா?

கோடு போட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
ஜெபகனி

*

பனங்குழிவிளை,
9 டிசம்பர் 1931

ஜெபகனிக்கு,

நான் சுகம். எலிசாவுக்குக் கஞ்சியில் சுக்கு தட்டிப் போட்டுக் கொடு. வெறும் வயிற்றில் கொயினா கொடுக்காதே.

உன் வீட்டு ஆளுக்குப் பதில் சொல்கிறேன். உன் அத்தானுக்கு முன்பெஞ்சு வோட்டும் இருந்தது, யோக்கியதையும் இருந்தது. யோக்கியதை உள்ளவர் வருகிற வரைக்கும் கோணல் வழியும் நேர்வழி போலத்தான் தெரியும். ஜான்ரோஸ் வந்த பிறகுதான் வழி கோணல் என்று தெரிந்தது. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

ஜான்ரோஸ் நேற்று வந்திருந்தான். காலில் செருப்போடு முன்னறை வரைக்கும் வந்தான். "பெரியம்மே, நீங்க கதவத் தொறந்து விடுதீய. பாயில இருக்கவுவ எல்லாம் எந்திரிச்சி வந்தா, பெறவு ஒங்களுக்கு உக்கார எடம் இருக்காது பாத்துக்கிடுங்க" என்றான்.

"எனக்கு உட்கார இடம் நீ தரவேண்டியதில்லை. பாதிக்கு மேல் பேர் தரட்டும்" என்றேன்.

"ஓ, அப்ப நீங்கதான் நிக்கப் போறியளா? பெரியப்பா செத்தும் நாற்காலி ஒங்க வீட்டுலதான் கெடக்கணும்!"

பெண்கள் நிற்கலாம் என்று போன வருஷமே அனுமதி வந்துவிட்டது. நிற்பேன். அவனை விட நான் எல்லா விதத்திலும் மேல் என்பது அவனுக்கும் தெரியும். செருப்பை வெளியே போட்டுவிட்டு வந்து பேசு என்று சொல்லி அனுப்பினேன்.

தேவகனி

*

பேச்சிப்பாறை,
17 ஜனவரி 1932

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

புது வருஷம் உங்களுக்கு வலியில்லாமல் நடக்கட்டும். எலிசா எழுந்து நடக்கிறாள். எங்கள் ஆலயத்தில் எலிசாவையும் குமாரதாஸையும் போன ஈஸ்டருக்குத் திருவிருந்தில் சேர்த்தார்கள். பெயர்களைப் பனங்குழிவிளைப் பட்டியலுக்கும் அனுப்பி வைத்திருப்பதாக இங்குள்ள ஐயர் சொன்னார். சொந்தச் சபை அதுதானே என்றார்.

கொல்லாமரம் இப்போது பூத்திருக்கும். நீங்கள் எழுதவில்லை.

ஜெபகனி

*

பனங்குழிவிளை,
22 பிப்ரவரி 1932

அன்புள்ள ஜெபகனிக்கு,

சுகமாயிருக்கிறேன், சந்தோஷமாயும் இருக்கிறேன். நேற்றுச் சபைக்கூட்டத்தில் என் விதிகள் இரண்டும் நிறைவேறின. முன்பெஞ்சு வீட்டார் வெளிநடப்புச் செய்வதாக எழுந்தார்கள். வெளியே நல்ல வெயில், வாசல் வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பாயில் இருக்கிறவர்கள் மொத்தமாக என் பக்கம். கூட்டத்துக்கு முந்தின வாரம் அவர்களை வீட்டுக்கு வரவழைத்து விதியை விளக்கிச் சொன்னேன். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று. பின்புறத்தில் இருத்திக் காப்பி கொடுத்தேன், சிரட்டையில்தான். மருத்துவச்சி சத்தியபாய் சிரட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு, "பெரியம்மே, பாயும் பெஞ்சும் ஒண்ணுன்னு எழுதுனதும் நீங்கதான், எங்களுக்குச் செரட்டை எடுத்து வச்சதும் நீங்கதான்" என்று எல்லாரும் சிரிக்கும்படி சொன்னாள். வாய் நீளம். வோட்டு வேறு, டம்ளர் வேறு என்றேன்.

வோட்டுப் போடும் முறையும் என் யோசனைதான். முதல் நாள் ஒவ்வொருவரும் ஐயரிடம் தனியாகப் போய்க் காதில் ஒரு பெயர் சொல்ல வேண்டும். இரண்டாம் வோட்டு வந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கு ஒரு குன்னிமுத்தும் (கான்வென்ட்டில் குன்றிமணி என்பார்கள்) ஒரு புளியங்கொட்டையும். ஒருவருக்குக் குன்னிமுத்து, மற்றவருக்குப் புளியங்கொட்டை. துணி மூடிய பானைக்குள் கையை விட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, மிஞ்சியதை மூடிய கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். யாருக்குப் போட்டாய் என்று யாரும் யாரையும் எப்போதும் கேட்கக் கூடாது. இது மூன்றாம் விதி.

நாலாம் விதி ஒன்றும் சேர்த்தேன். பட்டியலில் பெயர் இருந்து வெளியூரில் இருக்கிறவர்கள், அன்று நேரில் வந்தால் வோட்டுப் போடலாம். யாரை நினைத்து எழுதினேன் என்று உனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் நாலு பேர்.

தேர்தல் மே முதல் ஞாயிறு.

உன் அக்காள்,
தேவகனி

*

பேச்சிப்பாறை,
13 மார்ச் 1932

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் விதிகள் நிறைவேறியதில் சந்தோஷம். நீங்கள் சிறு வயதிலேயே நினைத்ததை நடத்துவீர்கள். அப்பா உங்களைக் கான்வென்ட்டில் சேர்க்க வண்டி கட்டியபோது நானும் ஏறி உட்கார்ந்ததும், நீங்கள் என்னை இறக்கிவிடச் சொன்னதும் நேற்று ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

நாங்கள் நாலு பேரும் சுகம்.

மரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் அக்கா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபகனி

*

பனங்குழிவிளை,
28 மார்ச் 1932

ஜெபகனிக்கு,

சுகம். மூன்று கடிதத்தில் ஒரு மரத்தைக் கேட்டுவிட்டாய். பதில் இதோ: அதை வெட்டியாயிற்று. வெளியூரிலிருந்தும் வோட்டுப் போட வருவார்கள், வெயிலில் நிற்க முடியாது, பந்தல் போட அந்த மூலைதான் இடம். வெட்டச் சொன்னது நான். விறகு, ஆலயத்து அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுக்கு ஆயிற்று.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்தாவது நேராகப் பேசுவோம். சபை அனுமதி இல்லாமல், பாயில் இருந்த வீட்டுப் பையனை நீ வேறு ஊரில் போய்க் கட்டினாய். சபை உன்னை விலக்கி வைத்தது; திரும்பப் பட்டியலில் சேர்த்தது பல வருஷம் கழித்து. விலக்கப்பட்டவளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. உன் அத்தான் அந்த விதியை எழுதவில்லை, நடத்தினார். நீ அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றபோது, எனக்காக அவர் ஒருமுறை விதியை விட்டிருப்பார். நான் கேட்கவில்லை. தங்கைக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி என்று நான் என்றும் நடந்ததில்லை. வேலிக்கு வெளியே மரத்தடியில் புதைத்தீர்கள்.

வேரோடு பிடுங்கினபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடியில் ஒன்றும் தென்படவில்லை. ஆகவே நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மே முதல் ஞாயிறு. முந்தின நாளே வந்துவிடு. பூதப்பாண்டிக்குப் பஸ் இருக்கிறது, அங்கிருந்து வண்டி அனுப்புகிறேன்.

தேவகனி

*

பனங்குழிவிளை,
6 மே 1932

அன்புள்ள ஜெபகனிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரவும் இல்லை. காய்ச்சலாயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எலிசாவின் உடம்பு எப்படி இருக்கிறது?

முதல் வோட்டு முடிந்தது. நூற்று முப்பது பேர் பெயர் சொன்னார்கள். எனக்கு ஐம்பத்தொன்று. ஜான்ரோஸுக்கு முப்பத்தாறு. சத்தியபாய்க்கு நாற்பத்துமூன்று. ஆம், அந்த மருத்துவச்சிக்குத்தான். சனிக்கிழமை வீட்டு வழக்கம் இருந்திருந்தால் அவள் பெயரை ஒருவரும் வாயில் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஐயர் எண்ணிக்கையை வாசித்ததும் ஜான்ரோஸ் எழுந்து, "பழைய வழக்கப்படி பாத்தா பெரியம்மைதான் கூட. இப்பவே அவுவளுக்குப் பட்டம் கட்டிருங்க ஐயரே, மறுவோட்டு எதுக்கு?" என்றான். தோற்றவனுக்கு என்ன திடீர் தாராளம் என்று பார்த்தாயா? நான் ஒத்துக்கொண்டால், நான் எழுதிய விதியை நானே காலில் போட்டு மிதித்தேன் என்று ஊரெல்லாம் சிரிக்கலாம்.

நான் எழுந்து சொன்னேன்: "எழுபத்தொன்பது பேர் என் பெயரைச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் வராமல் அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன்."

வந்தது அதே எழுபத்தொன்பது என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஐயரும் கவனித்திருப்பார், என்னைப் பார்த்தார்.

மே இருபத்திரண்டு மறுவோட்டு. எனக்குக் குன்னிமுத்து, அவளுக்குப் புளியங்கொட்டை. முன்பெஞ்சு ஆண்கள் மருத்துவச்சிக்குப் போடமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஆண்களின் ரோஷத்தைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. நாலு வோட்டு எனக்கு இப்போது நாலு வோட்டு அல்ல.

நீயும் தங்கையனும் பிள்ளைகளும் கட்டாயம் வர வேண்டும். நான் இதுவரை யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

உன் அன்பு அக்காள்,
தேவகனி

*

பேச்சிப்பாறை,
15 மே 1932

பிரியமுள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

காய்ச்சல் இல்லை. எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இவர் பெயரை முதல் தடவையாக எழுதியிருக்கிறீர்கள். வாசித்துக் காட்டினேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

இருபத்திரண்டாம் தேதி நாங்கள் நாலு பேரும் வந்து வோட்டுப் போடுகிறோம். வண்டி அனுப்ப வேண்டாம், நடந்து வருவோம்.

ஜெபகனி

*

பனங்குழிவிளை,
2 ஜூன் 1932

ஜெபகனிக்கு,

உடம்பு சுகம்தான். பத்து நாள் யாருக்கும் எழுதவில்லை.

நீங்கள் பானையில் கையை விட்டதும் புறப்பட்டுப் போய்விட்டீர்களாம். எண்ணி முடிக்கிற வரை கூட நிற்கவில்லை. உங்களுக்காக ஆட்டிறைச்சி எடுத்திருந்தேன். தங்கையனுக்கு இலை முன்னறையில் போடச் சொல்லியிருந்தேன். வேலைக்காரி முத்துக்கனி பந்தலுக்கு ஓடி வந்து பார்த்தபோது, நீ மட்டும் வெட்டின மரத்தின் குழிப்பக்கம் நின்றுகொண்டிருந்தாய் என்றாள். "அம்மா கூப்பிடுதாவ" என்று சொன்னதற்கு, "நேரமாச்சு மக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாயாம்.

நூற்று முப்பத்துநாலு பேர் போட்டார்கள். குன்னிமுத்து அறுபத்தைந்து. புளியங்கொட்டை அறுபத்தொன்பது.

பானையை வேட்டியில் கவிழ்த்து, நானும் பார்க்கவே எண்ணினார்கள். முன்பெஞ்சில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு பாய்க்காரிக்குப் போட்டிருக்கிறார்கள். என்னை அந்த நாற்காலியில் பார்ப்பதை விட அவளைப் பார்ப்பது அவர்களுக்குத் தேவலையாக இருந்திருக்கிறது. ஜான்ரோஸ் என் அருகில் வந்து, "எடம் இருக்காதுன்னு அப்பமே சொன்னேன், கேட்டியளா?" என்றான். இந்தத் தடவை செருப்பை வெளியே போட்டுவிட்டு வந்திருந்தான்.

ஐயர் இரக்கத்தோடு, விதியை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாமே அம்மா என்றார். எதற்கு மாற்ற வேண்டும்? பாதிக்கு மேல் பேர் என்னை வேண்டாம் என்றார்கள். அதை அறிந்துகொள்ளத்தானே விதி? விதி சரியாக வேலை செய்தது. அவள் பதவி ஏற்றபோது நான் எழுந்து நின்றேன். அவளுக்காக அல்ல.

இரண்டு பேர், நாலு பேர் மாறிப் போட்டிருந்தால் என்று முத்துக்கனி அழுகிறாள். எனக்குப் போட்ட அறுபத்தைந்து பேரில் நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்கள் என்பது ஒன்றுதான் இந்த ஊரில் எனக்கு மிச்சம். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் அக்காள்,
தேவகனி

*

பேச்சிப்பாறை,
10 ஜூலை 1932

பிரியமுள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. அணையில் தண்ணீர் ஏறுகிறது. எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்குக் குழம்பு இத்துடன் ஆளிடம் அனுப்பியிருக்கிறேன். இரவில் தடவி, கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

சத்தியபாய் தேர்தலுக்கு முன்பு ஒரு தடவை இங்கே வந்திருந்தாள். ஒரு பிரசவத்துக்கு வந்தவள் எங்கள் வீட்டில் தங்கினாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். கல்லறைத் தோட்டத்துத் தெற்கு வேலியை அந்தக் குழிக்கு அப்பால் தள்ளிப் போடச் சபைக்கூட்டத்தில் கேட்பேன் என்றாள். அடுத்த மாதம் கேட்கிறாளாம்.

சபை மூன்றாம் விதிப்படி மிஞ்சியதை நாங்கள் நாலு பேரும் மூடிய கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லாவிட்டாலும், வாயில் போட்டால் விஷம் என்பார்கள். அதனால் இங்கே வைத்திருக்க வேண்டாம் என்று இந்தக் கடிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். உங்களுடையவை, உங்களிடம் இருக்கட்டும்.

குழம்பு தீர்ந்தால் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெபகனி

*

பனங்குழிவிளை,
29 ஆகஸ்டு 1932

ஜெபகனிக்கு,

குழம்பு வந்தது. வலி குறைந்திருக்கிறது. குப்பியைத் திருப்பி அனுப்புகிறேன்.

கடிதத்தில் மடித்திருந்ததும் வந்தது. நாலு குன்னிமுத்து, எனக்கென்று வைத்தவை. நாலும் நல்ல சிவப்பு, ஒன்றுகூடச் சொத்தை இல்லை.

யாருக்குப் போட்டாய் என்று யாரும் யாரையும் எப்போதும் கேட்கக் கூடாது என்று எழுதியவள் நான். ஆகவே நான் கேட்கவில்லை. கேட்காமலே பதில் அனுப்பக் கூடாது என்று எழுத மறந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அதையும் சேர்க்கச் சொல்வேன்.

உன் சத்தியபாய் நேற்று வேலிக் காரியத்தைச் சபைமுன் வைத்தாள். கை தூக்கச் சொல்லலாம் என்றார் ஐயர். முறையாக நடக்க வேண்டும் என்று நான்தான் எழுந்து சொல்லிப் பானையை எடுத்துவரச் செய்தேன். வேலியைத் தள்ளலாம் என்பதற்குக் குன்னிமுத்து, வேண்டாம் என்பதற்குப் புளியங்கொட்டை. பாதிக்கு மேல் ஒரே ஒரு குன்னிமுத்து கூடுதலாக விழுந்தது. இந்த வாரம் குழி தோண்டிக் கால் நடுகிறார்கள். அந்த இடம் உள்ளே வந்துவிடும்.

நான் எதைப் போட்டேன் என்று நீயும் கேட்க முடியாது. மிஞ்சியதை உனக்கு அனுப்ப மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

எலிசாவின் உடம்பைப் பார்த்துக்கொள். உன் வரிகள் இப்போது நேராக இருக்கின்றன.

தேவகனி